சிவப்புக் கட்டமும் ஆலன் டூரிங்கும்

அப்டேட் ஒன்றை டவுன்லோடு பண்ணி, இன்ஸ்டால் பட்டனையும் அழுத்தியாச்சு. உடனே ஆன்டிவைரஸ் சிவப்புக் கட்டம் காட்டுது: ஆபத்தான ஃபைலாம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுப் பாருங்க. அது சும்மா காட்டும், ஆஃப் பண்ணிட்டுப் போடு என்று பாதிப் பேர் சொல்வார்கள். தொடவே தொடாதே என்று மீதிப் பேர். ஏன் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் குழப்பத்தை எந்த மென்பொருளாலும் முழுசாகத் தீர்க்க முடியாது என்பதற்கான கணக்கைப் போட்டவர் 1954-லேயே இறந்துவிட்டார். ஆலன் டூரிங். செமஸ்டர் பாடத்தில் அவர் பெயரில் ஒரு மெஷின் வருமே, அவரேதான்.

நம்ம ஊரோடு அவருக்கு ஒரு தொடர்பும் உண்டு. அம்மா எத்தெல் சாரா ஸ்டோனி பிறந்தது போத்தனூரில். ஆமாம், கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூர்தான். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. டூரிங் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23 அன்று. பெற்றோர் பெரும்பாலும் இந்தியாவில் இருக்க, அவரும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்கள். 1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் போகும் நேரம் பார்த்து நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம், ரயில் இல்லை. பையன் சவுத்தாம்ப்டனில் இருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். சுமார் 100 கிலோமீட்டர். வயது 13.

1936-க்கு வருவோம். கேம்பிரிட்ஜில் இருந்த டூரிங்குக்கு இன்னும் 24 நிரம்பவில்லை. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அதை நிரூபிக்க முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும் பொதுவான வழிமுறை ஒன்று உண்டா? இது ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் எழுப்பிய கேள்வி. இல்லை என்று டூரிங் நிரூபித்தார். அதற்காக அவர் கற்பனை செய்த கருவிதான் நீங்க படிக்கிற டூரிங் மெஷின். இன்னொரு மெஷின் கடைசியில் என்ன செய்யும் என்பதை எல்லாச் சமயத்திலும் சரியாகச் சொல்லும் மெஷின் இருக்கவே முடியாது என்பது அந்த நிரூபணத்தின் உள்ளே இருக்கிறது.

இதை வைரஸ் பக்கம் திருப்பியவர் அமெரிக்காவின் ஃப்ரெட் கோஹன், 1984-இல். தவறே செய்யாத ஆன்டிவைரஸ் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்க. நான் ஒரு புரோகிராம் எழுதுகிறேன். அது முதலில் அந்த ஆன்டிவைரஸைக் கூப்பிட்டு, நான் வைரஸா என்று கேட்கும். ஆமாம் என்றால் சும்மா இருக்கும். இல்லை என்றால் பரவும். இப்போ அந்த ஆன்டிவைரஸ் எந்தப் பதில் சொன்னாலும் தப்பு. அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஆக, சிவப்புக் கட்டம் ஒரு சந்தேகம். தீர்ப்பு இல்லை. இரண்டு பக்கமும் அது தப்பாகலாம். 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த சிஸ்டம் ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகி நெட்வொர்க்கை இழந்தன. 2017-இல் நேர்மாறு. சிசி கிளீனரின் 5.33 பதிப்பு அதன் அதிகாரபூர்வச் சர்வரிலிருந்தே, செல்லுபடியாகும் டிஜிட்டல் கையெழுத்தோடு, உள்ளே மால்வேரைச் சுமந்து வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். சிஸ்கோவின் டாலோஸ் குழு சோதித்துக்கொண்டிருந்த பாதுகாப்புக் கருவி அந்த இன்ஸ்டாலரைப் பிடித்துக் காட்டியது. இவ்வளவு பெரிய பெயர், கையெழுத்து வேற இருக்கு, கருவிதான் உளறுது என்று ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒதுக்கவில்லை, பிரித்துப் பார்த்தார்கள்.

பிரித்துப் பார்க்கும் இந்த வேலை டூரிங்குக்குப் பழக்கம். போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க அவர் வடிவமைத்த பாம்ப் இயந்திரம் சரியான விடையைச் சொல்லவே சொல்லாது. முரண்படும் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும். தள்ள முடியாத ஒன்று வந்தால் நிற்கும். அந்த நிறுத்தங்களில் பல பொய். ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, வேறொரு சோதனைக் கருவியில் போட்டு மனிதர்கள் சரிபார்த்தார்கள். வெல்ச்மன் சேர்த்த ஒரு பலகை பொய் நிறுத்தங்களை வெகுவாகக் குறைத்தது. குறைத்தது, ஒழிக்கவில்லை.

1943-இல் அவரிடம் வந்த வேலை இன்னும் நேரடியானது. சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேச, அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஒரு குரல் மறையாக்கக் கருவியைக் கட்டிக்கொண்டிருந்தது. பெயர் சிக்சாலி, எடை 50 டன்னுக்கு மேல். நண்பன் நாட்டுத் தயாரிப்புதானே என்று பிரிட்டன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, டூரிங்கை அனுப்பியது. அனுமதி கிடைக்கவே வாரக்கணக்கில் இழுத்தது. உள்ளே போய், அது எப்படி இயங்குகிறது என்று பார்த்த பிறகுதான் பாதுகாப்பை மதிப்பிட்டார்.

எனக்குப் பிடித்தது 1949. கேம்பிரிட்ஜ் கூட்டம் ஒன்றில் டூரிங் ஒரு சின்னக் கட்டுரை படித்தார். பெரிய புரோகிராம் ஒன்றைச் சரிபார்ப்பது எப்படி என்பதே பொருள். பெரிய கூட்டல் கணக்கில் விடையை மட்டும் கொடுத்தால், சரிபார்ப்பவர் முழுசாகத் திரும்பப் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மிச்சம் எவ்வளவு என்று எழுதியிருந்தால் கட்டம் கட்டமாகத் தனித்தனியே பார்க்கலாம். அதுபோல, எழுதியவரே இந்த இடத்தில் இது உண்மை, அந்த இடத்தில் அது உண்மை என்று உறுதிமொழிகள் தரவேண்டும் என்றார். பொதுவான சோதனை மெஷின் கிடையாது என்று நிரூபித்த அதே ஆள்தான், குறிப்பிட்ட ஒரு புரோகிராமைச் சோதிக்க இந்த வழியைக் காட்டினார்.

உங்க அப்டேட்டிடமும் அப்படியே கேளுங்க. எங்கிருந்து வந்தாய்? கையெழுத்து யாருடையது? தளத்தில் போட்டிருக்கும் ஹாஷோடு ஒத்துப்போகிறாயா? பிரிண்டர் டிரைவருக்கு பிரவுசர் பாஸ்வேர்டு ஃபைல் எதுக்கு? ஆன்டிவைரஸ் குறிப்பிட்ட ஒரு மால்வேரின் பெயரைச் சொல்கிறதா, பொதுவான சந்தேகம் மட்டுமா? சிசி கிளீனர் மாதிரி முதல் மூன்றையும் தாண்டி வருவதும் உண்டு. அதனால் அவசரமில்லாத அப்டேட் என்றால் நாலு நாள் பொறுங்க, இல்லாட்டி விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பாருங்க. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் ஆபத்துதான். அதை மட்டும் உடனே, தயாரித்தவரின் தளத்திலிருந்தே புதுசாக எடுத்துச் சரிபார்த்துவிடுங்க.

1952-இல் டூரிங் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே போலீஸுக்குப் போனார். விசாரணையில் அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது தெரியவர, அன்றைய சட்டப்படி குற்றவாளியானார். சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசி. எந்த அரசின் ரகசியங்களைக் காத்தாரோ அதே அரசு அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்தது. அந்த முத்திரையைத் திறந்து பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. 1954 ஜூன் 7 அன்று சயனைடு நஞ்சால் இறந்தார், வயது 41. அரச மன்னிப்பு வந்தது 2013-இல்.

அந்த 1949 கட்டுரையும் ரொம்ப காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. சரிபார்ப்பது பற்றிய கட்டுரையின் அச்சிலேயே ஏகப்பட்ட பிழைகள். மோரிஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். கோஹன் வைரஸ் கணக்கைச் சொன்ன அதே 1984-இல்.