தேனீ தந்த உமர் தம்பி

தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில், வங்கக் கடலோரமாய் அமைந்த ஊர் அதிராம்பட்டினம். உப்பளங்கள் நிறைந்த அவ்வூரில் 1953ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பிறந்தவர் உமர் தம்பி. அங்குள்ள காதர் முகைதீன் கல்லூரியில் அவர் பயின்றது விலங்கியல்! தவளையை அறுத்துப் பழகிய கை பின்னாளில் தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறிக்குள் குடியேற்றியது என்றால், இந்தப் பாடத்தை எடுத்து என்ன ஆகப் போகிறோமோ என்று பெருமூச்சு விடும் நம் துறை நண்பர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்.

பட்டம் ஒருபுறம் இருக்க, அவர் மனம் இளமை முதலே நாடியது மின்னணுக் கருவிகளைத்தான். ஊரிலேயே வானொலிப் பெட்டி, டேப் ரெக்கார்டர் முதலியவற்றைப் பழுது பார்க்கும் தொழில் நடத்தினார். 1980களில், அவ்வட்டாரத்தார் பலரையும் போல, பிழைப்புக்காகத் துபாய் சென்றார். அங்கே கணிப்பொறித் துறையில் கால் ஊன்றினார். நிரல் எழுதுவது விலங்கியல் வகுப்பில் கற்றதன்று, ஆர்வத்தால் கைவந்தது.

அவர் செய்த பணியின் அருமை விளங்க வேண்டுமானால் அக்காலத்துத் தமிழ் இணையத்தின் நிலையை நாம் அறிய வேண்டும். 2000ஆம் ஆண்டையொட்டிய நாட்களில் ஒவ்வோர் இதழும் தனக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தது. திருவண்ணாமலையில் ஒருவர் ஓர் எழுத்துருவில் கடிதம் தட்டினால், துபாயில் அதே எழுத்துரு இல்லாதவருக்குக் கோணல்மாணலான குறிகளே தெரியும். நம் ஊர்ச் சத்திரங்களில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி இருப்பது போலத்தான். 1999இல் தமிழக அரசு அறிவித்த குறியீடு ஒருபுறம், ஆர்வலர்கள் வகுத்த திஸ்கி மறுபுறம் என வழக்கு நீண்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்திருந்தும், விண்டோஸ் 98 போன்ற பழைய இயங்குதளங்கள் அதற்குத் துணை நிற்கவில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்காருபவர், பிறர் கணிப்பொறியில் எழுத்துருவை நிறுவவும் முடியாது.

இங்கேதான் உமர் தம்பியின் தேனீ பறந்து வந்தது. அது ஓர் இயங்கு எழுத்துரு. படிப்பவர் எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவும் கூடவே வந்திறங்கும். சத்திரக்காரரே சாவியோடு வாசலில் நிற்பது போன்ற ஏற்பாடு! யூனிகோடு எழுத்துருக்களோடு அவர் நிற்கவில்லை. ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்படி தட்டினாலே தமிழாக மாற்றும் எழுதி, பழைய குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் செயலி என ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தார். அத்தனையும் இலவசம். எழுத்துருக்களை விலைக்கு விற்றோர் பலர் இருந்த காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் சம்பளமோ பதவியோ எதிர்பாராமல், ஓய்வு நேரத்தை எல்லாம் கொட்டிச் செய்த வேலைக்கு வேறு பெயரும் தெரியவில்லை.

2006ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், 53ஆம் வயதில், அவர் மறைந்தார். தமிழ் வலைப்பூக்கள் பெருகத் தொடங்கிய வேளை அது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடும் அதனோடு தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றன. அங்கே ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே மாதத்தில் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. வாழ்நாளில் அவர் அதைக் காணவில்லையே என்பதுதான் நம் குறை.

இன்று நம் கைப்பேசியில் தமிழ் தானாகவே தெரிகிறது. இயங்கு எழுத்துருவின் தேவை தீர்ந்துவிட்டது. தேனீயின் பெயரை நம் வகுப்பில் அறிந்தவர் எவருமில்லை. ஆனால் பழைய குறியீட்டில் தட்டிய கட்டுரை ஒன்றைக் குறுந்தகட்டிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். கோணல்மாணலான குறிகள் இன்றும் திரையில் நிற்கும். அதைத் தமிழாகப் படிக்க, உமர் தம்பி செய்தது போன்ற ஒரு மாற்றி இன்றைக்கும் வேண்டியிருக்கிறது.