பாவலர் வரதராசன்: ஓர் இசைக்குழுவை நடத்தியவரின் வாழ்வு

தமிழ் இசை குறித்த எழுத்துகளில் பாவலர் வரதராசனின் பெயர் பெரும்பாலும் இளையராஜாவின் அண்ணன் என்ற அளவிலேயே இடம்பெறுகிறது. பாடலாசிரியர், பாடகர், பொதுவுடைமைப் பிரச்சாரகர் என்று கூடுதலாகச் சொல்வோரும் உண்டு. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஓர் இசைக்குழுவைக் கட்டி, ஊர் ஊராக அழைத்துச் சென்று மேடையேற்றிய தலைவர் என்ற முறையில் அவர் அரிதாகவே பேசப்படுகிறார். தலித் கலைஞர்களின் வரலாற்றில் மறைந்துபோகும் உழைப்பு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இன்றைய தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரம் அவருடைய ஊர். அன்று அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தை ராமசாமி. குடும்பம் தலித் குடும்பம். இளையவர்களான பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் ஆகிய மூவரும் பின்னாளில் அவருடைய குழுவில் இணைந்தனர். 1943இல் பிறந்த ராசய்யா தம் பதினான்காம் வயதில் அண்ணனுடன் பயணப்படத் தொடங்கினார். பாவலர் பிரதர்ஸ் என்று பெயர்பெற்ற அக்குழுவின் மேடைகளே அந்தச் சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் ஆயின. ஆர்மோனியம் கைவந்ததும் பெண் குரலில் பாடியதும் அங்கேதான். 1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு அவர் இசையமைத்ததும் அந்தக் குழுவில் இருந்த காலத்தில்தான்.

வரதராசனின் முறை எளிமையானது. மக்கள் நாவில் ஏற்கெனவே புழங்கும் மெட்டை எடுத்துக்கொண்டு, கூலி, நிலம், விலைவாசி, ஆட்சி பற்றிய சொற்களை அதில் ஏற்றுவார். மெட்டு தெரிந்திருப்பதால் ஒருமுறை கேட்டவரும் மறுநாள் பாடுவார். அச்சிட்ட துண்டறிக்கை எட்டாத இடத்திற்கும் பாட்டு சென்று சேர்ந்தது.

அதன் வலிமை வெளிப்பட்டது 1958இல், தேவிகுளம் இடைத்தேர்தலில். முந்தைய ஆண்டு கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த அரசுக்கு, 126 இடங்களில் சுயேச்சைகளையும் சேர்த்து 65 பேரின் ஆதரவே இருந்தது. ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது எனத் தேர்தல் தீர்ப்பாயம் அறிவித்ததால், அந்த ஓர் இடம் அரசின் உயிர்நாடி ஆயிற்று. தேவிகுளத்து வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். கங்காணி முறையில் மலையேற்றப்பட்ட தலித் குடும்பங்களே அவர்களுள் மிகுதி. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் கேரளத்துடன் சேர்க்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மலையாள மேடைப்பேச்சால் மட்டும் அவர்களை அணுகிவிட முடியாது. வரதராசனின் குழு தோட்டங்களில் தமிழில் பாடியது. ரோசம்மா வென்றார், அரசு நிலைத்தது. நிலச்சீர்திருத்த மசோதா அதன் பிறகே சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1959 ஜூலை 31 அன்று 356ஆம் பிரிவின் கீழ் அந்த அரசு கலைக்கப்பட்டது வேறு கதை.

இதே காலகட்டத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இசைத்தட்டுக் கடை நடத்திய பிரையன் எப்ஸ்டீன் என்ற யூத இளைஞர், 1961 முதல் பீட்டில்ஸ் குழுவின் மேலாளராகி அதை உலக மேடைக்குக் கொண்டு சென்றார். 1965இல் சான் பிரான்சிஸ்கோ அருகே கவ் பேலஸ் அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கான ஒப்பந்தத்தில், நிறவாரியாகப் பிரித்து அமர்த்தப்பட்ட பார்வையாளர் முன் குழு பாட வேண்டியதில்லை என்ற விதி எழுதப்பட்டிருந்தது. கலைஞரின் மறுப்பு எழுத்தில் ஏறும்போது அது உரிமையாகிறது. எப்ஸ்டீன் 1967இல் 32 வயதில் இறந்தார். ஆனாலும் உலகம் அவர் பெயரை மறக்கவில்லை. அவர் கையில் ஒப்பந்தங்கள் இருந்தன, கணக்கு இருந்தது, நிறுவனம் இருந்தது.

வரதராசனின் தலைமுறைக்குச் சட்டம் அந்தத் துணையைத் தரவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமை தந்தது. மேடையில் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தனி உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. குழுவைத் திரட்டி நடத்துபவரின் உழைப்புக்கு இன்றும் ஒப்பந்தம் ஒன்றே காப்பு.

1960களின் இறுதியில் தம்பிகள் சென்னைக்குப் புறப்பட்டனர். 1973இல் வரதராசன் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து வந்த அன்னக்கிளி படத்தின் வெற்றியை அவர் காணவில்லை. 1981இல் அலைகள் ஓய்வதில்லை படத்தைத் தயாரித்த பாவலர் கிரியேஷன்ஸ் நிறுவனத்தின் பெயரில் தம்பிகள் அவரை நினைவில் நிறுத்தினர்.

நைனார்பாளையத்தைச் சுற்றியுள்ள கள்ளக்குறிச்சி வட்டார ஊர்களில் பம்பைக் குழுவையும் தெருக்கூத்து ஜமாவையும் நடத்துவோர் இன்றும் வாய்ச்சொல்லையும் அச்சாரத்தையும் நம்பியே வண்டி ஏறுகின்றனர். நிகழ்ச்சி முடிந்த பின் பேசிய தொகையைக் குறைத்தால் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. சேரித் தெருவைத் தவிர்த்துச் செல்லும் ஊர்வலத்திற்கு வாசிக்க மறுத்தால் அடுத்த ஆண்டு அழைப்பு இல்லை. சமூக, சமய ஊர்வலங்களில் பங்கேற்பதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தைக் கலைஞரின் கைக்குக் கொண்டுவர ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: தொகை, வழிச்செலவு, உணவு, தங்குமிடம், சாதிப் பாகுபாடு இருந்தால் வாசிக்க மறுக்கும் உரிமை. கூடவே, குழுவை நடத்துபவரின் பெயர்.

சட்டம் பயிலும் மாணவர்கள் தம் ஊர்க் குழுக்களுக்கு இதை எழுதிக்கொடுக்கலாம். பாவலர் வரதராசனுக்குச் செய்யும் மரியாதை அதுவே.