ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி: ஒரு தீவை உலகப் புகழாக்கியவர்... அவர் காட்டியது நிஜமா?

ஒரு தீவுக்கு சினிமா படப்பிடிப்பை வரவழைப்பது எப்படி? இன்றைக்கு அரசுகள் வரிச்சலுகை, மானியம் என்று போட்டி போடுகின்றன. அயர்லாந்து மட்டும், தகுதியுள்ள தயாரிப்புச் செலவில் 32 சதவீதம் வரிச்சலுகை தருகிறது. 2022-ல் வெளியாகி ஆஸ்கர் பரிந்துரைகளைக் குவித்த ‘தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்’, அந்நாட்டின் இனிஷ்மோர், அக்கில் தீவுகளில் எடுக்கப்பட்டதுதான்.

ஆனால், இந்தச் சலுகையெல்லாம் இல்லாத காலத்திலேயே, 1930-களில், இனிஷ்மோருக்கு கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி.

யார் இவர்?

1884-ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு சுரங்கத் தொழில். மகனும் இரும்புத் தாது தேடி கனடாவின் ஹட்சன் விரிகுடா பக்கம் அலைந்தார். 1913-ல் சும்மா ஒரு கேமராவையும் கூடவே எடுத்துப் போனார். அங்கே தொற்றிக்கொண்டதுதான் சினிமா ஆசை.

எடுத்த படச்சுருள் மொத்தமும் 1916-ல் ஒரு சிகரெட் நெருப்பில் எரிந்துபோனது. மனிதர் விடவில்லை. திரும்பப் போய் எடுத்தார். அதுதான் 1922-ல் வெளியான ‘நானூக் ஆஃப் தி நார்த்’. இன்றும் பலர் ஆவணப்படங்களின் தொடக்கமாகச் சொல்வது இதைத்தான். அடுத்து சமோவா தீவில் ‘மோவானா’ (1926). ஆங்கிலத்தில் ‘டாக்குமென்டரி’ என்ற சொல் சினிமாவுக்குப் பரவலாக ஒட்டிக்கொண்டது இந்தப் படத்துக்கு ஜான் கிரியர்சன் எழுதிய விமர்சனத்தில் இருந்துதான்.

அரானில் என்ன நடந்தது?

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே விரிகுடாவின் வாசலில் மூன்று தீவுகள். அவைதான் அரான் தீவுகள். எங்கு பார்த்தாலும் சுண்ணாம்புப் பாறை. கடற்பாசியையும் மணலையும் சுமந்து கொட்டி, மண்ணையே ‘உருவாக்கி’ உருளைக்கிழங்கு விளைவித்த மக்கள். கையில் காசு புழங்காத அந்த ஊரில், பிரிட்டனின் காமான்ட்-பிரிட்டிஷ் நிறுவனத்தின் பணத்தோடு ஃப்ளாஹர்ட்டி வந்து தங்கினார். ஊர்க்காரர்களுக்குக் கூலி வேலை கிடைத்தது. தீவின் கொல்லர் நாயகன் ஆனார். ஒரு தாய் நாயகி ஆனார். ஒரு சிறுவன் அவர்களின் மகன் ஆனான். மூவரும் நிஜத்தில் ஒரே குடும்பம் கிடையாது!

1934-ல் வெளியான ‘மேன் ஆஃப் அரான்’, வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான விருதை வென்றது. யாரும் கண்டுகொள்ளாத தீவைத் தேடிப் பயணிகள் வர ஆரம்பித்தார்கள்.

அப்புறம் என்ன சிக்கல்?

படத்தின் உச்சக்காட்சி சுறா வேட்டை. விளக்கெரிக்கும் எண்ணெய்க்காக ராட்சத சுறாவை ஈட்டி எறிந்து பிடிக்கிறார்கள். ஆனால், அந்த வழக்கம் அரானில் எப்போதோ ஒழிந்துபோயிருந்தது. படத்துக்காகத் தீவு மக்களுக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கொந்தளிக்கும் கடலில், தார் பூசிய கித்தான் படகில் ஆட்களை இறக்கினார் ஃப்ளாஹர்ட்டி. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. தான் அவர்களிடம் கேட்டது மன்னிக்க முடியாத காரியம் என்ற பொருளில் அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு விமர்சனமும் உண்டு. கடலோடு போராடும் மனிதனைக் காட்டியவர், நில உரிமை, வறுமை, அரசியல் எதையும் காட்டவில்லை. தீவு மக்களின் தாய்மொழியான ஐரிஷ்கூட படத்தில் இல்லை, வசனம் ஆங்கிலம். ஒலிப்பதிவுக்காக அவர்கள் லண்டன் போயிருந்தபோது, ஐரிஷ் அரசின் செலவில் ஒரு கதைசொல்லியை வைத்து ஐரிஷ் மொழியிலேயே ஒரு குறும்படம் எடுத்தார் ஃப்ளாஹர்ட்டி. அந்த மொழியின் முதல் பேசும்படம் அதுதான். தொலைந்தே போச்சு என்று நினைத்திருந்த அதன் பிரதி, 2012-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது.

இந்தியாவுக்கும் வந்தாரா?

ஆமாம், நம் பக்கத்து மைசூருக்கு! ‘எலிஃபன்ட் பாய்’ (1937) படத்துக்காக வந்தபோது, மாவுத்தரின் மகன் சாபு நாயகனாகத் தேர்வானான். பெற்றோரை இழந்த அந்தச் சிறுவன், பிறகு ஹாலிவுட் நட்சத்திரமாகவே ஆகிவிட்டான். ஸோல்டான் கோர்டாவோடு சேர்ந்து இயக்கிய இந்தப் படத்துக்காக, வெனிஸில் சிறந்த இயக்குநர் விருது.

1948-ல் வந்த ‘லூசியானா ஸ்டோரி’க்கு ஓர் எண்ணெய் நிறுவனம் பணம் போட்டது. 1951-ல் ஃப்ளாஹர்ட்டி மறைந்தார்.

இன்றைக்கு ஏன் பேச வேண்டும்?

சினிமா வந்தால் ஊருக்கு வேலை, சுற்றுலா, பெயர் எல்லாம் கிடைக்கும். அரானுக்குக் கிடைத்தது. ஆனால், உலகம் நினைவில் வைத்திருப்பது ஊரை அல்ல, படத்தில் வந்த ஊரை. ஃப்ளாஹர்ட்டியின் படப்பிடிப்பு அந்தத் தீவுகளில் எழுப்பிய ஆசையை வைத்தே ‘தி கிரிப்பிள் ஆஃப் இனிஷ்மான்’ என்ற நாடகத்தை 1996-ல் எழுதினார் மார்ட்டின் மெக்டொனா. ‘பான்ஷீஸ்’ இயக்குநரும் அவர்தான். அந்தப் படத்துக்கு அவர் கேமராவைக் கொண்டுபோய் வைத்ததும் அதே இனிஷ்மோரில்தான். ஆனால், படத்தில் வரும் தீவின் பெயர் மட்டும் கற்பனை.