மூச்சின் காவலைக் கண்டவர்

உயர்ந்த மலையில் ஏறுவோர்க்கு மூச்சு விரைகின்றது. குருதியில் பிராணவாயு குறைந்ததை உடலுக்கு அறிவிப்பது யாது? மூளையே அதனை நேராக உணர்கின்றது என்று அறிஞர் பலர் கருதியிருந்தனர். அக்கருத்தை மாற்றியவர் கொர்னேய் ஹேமன்ஸ்.

அவர் பெல்ஜிய நாட்டின் கெண்ட் நகரில் 1892-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணிபுரிந்து மீண்ட மைந்தர், 1920-இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் தந்தையாருடன் ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவர்கள் செய்த சோதனையொன்று கேட்போர் உள்ளத்தை நடுங்கச் செய்யும். மயக்கமுற்ற நாயொன்றின் தலைக்கும் உடலுக்கும் இடையே நரம்புத் தொடர்பை மட்டும் விட்டுவைத்து, தலைக்கு வேறொரு நாயின் குருதியை ஊட்டினர். உடலின் குருதியில் பிராணவாயு குறைந்தது. நல்ல குருதி பெற்றிருந்த தலையோ மூச்சுக்கு விரைந்தது! செய்தி சென்ற வழி நரம்பே என்பது தெளிவாயிற்று.

கழுத்துத் தமனி இரண்டாகக் கிளைக்குமிடத்தில் அரிசி மணியளவான உறுப்பொன்று உண்டு. அதுவும் அக்காவலைப் புரிவதைப் பின்னர் ஹேமன்ஸ் மெய்ப்பித்தார். நெடுநாள் நுரையீரல் நோயுற்ற சிலரிடம் கரியமில வாயுவை உணரும் ஆற்றல் மழுங்கிவிடும்; அப்போது மூச்சைத் தூண்டுவதில் இச்சிற்றுறுப்பின் பங்கு மிகப் பெரிது.

1938-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஹேமன்சுக்கு வழங்கப்பெற்றது. ஆயினும், அவ்வுறுப்பு குருதியின் தன்மையை உணர்வதாகும் என்று நுண்பெருக்கி வழியே ஆராய்ந்து முன்னரே ஊகித்தவர், ஸ்பெயின் நாட்டின் பெர்னாண்டோ டி காஸ்ட்ரோ. அவருக்குப் பரிசில் பங்கு கிட்டவில்லை. அவர் 1967-இலும், ஹேமன்ஸ் 1968-இலும் மறைந்தனர்.