டெலிபோன் கணக்கு கண்ட எர்லாங்

டெலிபோனில் ஓர் எண்ணை அழுத்துகிறோம். சில விநாடிகளில் மறுமுனையில் மணி அடிக்கிறது. அதே நேரத்தில் அதே ஊரில் ஆயிரக்கணக்கான மக்கள் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால், ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஆளுக்கு ஒரு லைன் என்று யாரும் போட்டு வைக்கவில்லை. இருக்கிற லைன்கள் கொஞ்சம்தான். அவற்றைத்தான் எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள்.

எத்தனை பேருக்கு எத்தனை லைன் போட்டால் போதும்?

குறைவாகப் போட்டால், அவசரத்துக்குப் பேச முடியாமல் மக்கள் தவிப்பார்கள். தேவைக்கு மேல் போட்டால், பணம் வீணாகும். இந்தக் கேள்விக்குச் சரியான விடை கண்டவர் எர்லாங். அவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்தவர். ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மகன்.

தலைகீழாகப் படித்த சிறுவன்

டென்மார்க், ஐரோப்பாவின் வடக்கே உள்ள சிறிய நாடு. கோபன்ஹேகன் அதன் தலைநகரம். அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் லோன்போர்க் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே 1878-ம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ந் தேதி எர்லாங் பிறந்தார். அக்னர் கிராரப் எர்லாங் என்பது அவருடைய முழுப்பெயர்.

தந்தை அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். மாதா கோவில் எழுத்தர் வேலையையும் அவரே பார்த்து வந்தார். தாயார், பாதிரியார்கள் பலர் தோன்றிய குடும்பத்தில் பிறந்தவர். எர்லாங்குக்கு ஓர் அண்ணன், இரண்டு தங்கைகள். பிள்ளைகள் எல்லோரும் தந்தையின் பள்ளியிலேயே படித்தார்கள்.

மாலை நேரங்களில் அண்ணனும் தம்பியும் ஒரே புத்தகத்தைப் படிப்பது வழக்கம். அண்ணன் புத்தகத்தை நேராக வைத்துக்கொண்டு படிப்பார். தம்பி எதிரே உட்கார்ந்து இருப்பான். அவனுக்கு எழுத்துகள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அப்படியே படித்து முடித்து விடுவான்!

அவனுக்கு மிகவும் பிடித்தது வான சாஸ்திரம். நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் கிடைத்தால் விடமாட்டான்.

14 வயதில், கோபன்ஹேகன் சர்வகலாசாலை நடத்திய ஆரம்பப் பரீட்சையை எழுதினான். வயது போதாது என்பதால், தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பரீட்சையில் சிறப்பாகத் தேறினான். பிறகு ஊருக்குத் திரும்பி, தந்தையின் பள்ளியிலேயே இரண்டு ஆண்டு உதவி ஆசிரியராக வேலை பார்த்தான். அந்த நாட்களில் பிரெஞ்சு மொழியையும் லத்தீன் மொழியையும் கற்றுக்கொண்டான்.

ஆசிரியர் வேலை

1896-ம் ஆண்டு எர்லாங் சர்வகலாசாலையில் சேர்ந்தார். குடும்பத்தில் வசதி குறைவு. உபகாரச் சம்பளம் கிடைத்தது. தங்குவதற்கு இலவச விடுதியும் கிடைத்தது. 1901-ம் ஆண்டு எம்.ஏ. பட்டம் பெற்றார். கணிதம் முக்கிய பாடம். வான சாஸ்திரம், பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றையும் படித்தார்.

அதன்பின் ஏழு ஆண்டு காலம் பல பள்ளிக்கூடங்களில் ஆசிரியராக இருந்தார். நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தார். ஆனால் அவர் உள்ளம் ஆராய்ச்சியிலேயே இருந்தது. பள்ளி வேலை முடிந்ததும் கணிதப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்வார்.

கூட்டமாகக் கூடிப் பேசிச் சிரிப்பது அவருக்குப் பழக்கம் இல்லை. ஓரமாக இருந்து கவனிப்பார். பேசினாலும் சுருக்கமாகப் பேசுவார். இப்படிப்பட்டவர் ஒரு சங்கத்துக்கு மட்டும் தவறாமல் போய் வந்தார். அது கணித அறிஞர்கள் கூடும் சங்கம். அங்கேதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது.

கணித மேதையான என்ஜினீயர்

அந்தச் சங்கத்துக்கு ஜென்சன் என்பவர் வருவார். அவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமை என்ஜினீயர். உயர்ந்த கணிதத்தைத் தாமாகவே படித்துத் தேர்ந்தவர். இன்றும் கல்லூரிக் கணிதத்தில் அவர் பெயரால் ஒரு விதி வழங்குகிறது.

ஜென்சன், எர்லாங்கைத் தமது கம்பெனியின் நிர்வாக டைரக்டர் ஜோஹன்சனிடம் அழைத்துப் போனார். ஜோஹன்சனுக்கு நெடுநாளாக ஒரு கவலை இருந்தது. டெலிபோனை எடுத்தவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்தக் கவலை.

1908-ம் ஆண்டு எர்லாங் கம்பெனியில் சேர்ந்தார். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் பதவி கிடைத்தது. பதவி பெரியதுதான். ஆனால் ஆரம்பத்தில் உதவிக்கு ஆள் கிடையாது!

தரைக்குள் கசிந்து ஓடும் மின்சாரம் டெலிபோன் கேபிள்களைக் கெடுத்துவிடும். அது எங்கெங்கே ஓடுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அந்த வேலையை எர்லாங் தாமே செய்தார். கோபன்ஹேகன் தெருக்களில் அவர் நடந்து போவார். கூடவே ஒரு தொழிலாளி ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார். பாதாளக் குழியின் மூடியைத் திறந்து, ஏணி வைத்து, எர்லாங் உள்ளே இறங்குவார். எம்.ஏ. படித்த கணித நிபுணர் குழிக்குள் இறங்கி ஏறுவதை ஊரார் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

சாதாரணக் கணக்கு போதாது

அவருக்குப் புகழ் தந்தது வேறொரு வேலை. அந்தக் காலத்தில் டெலிபோன் நிலையங்களில் பெண்கள் உட்கார்ந்து, கையால் இணைப்புக் கொடுத்தார்கள். லைன் காலியாக இல்லாவிட்டால் இணைப்புக் கிடைக்காது.

ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு மணிக்கு 100 பேர் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் சராசரியாக 3 நிமிடம் பேசுகிறார். மொத்தம் 300 நிமிடம். ஒரு லைன், ஒரு மணி நேரத்தில் 60 நிமிடம் வேலை செய்யும். 300-ஐ 60-ஆல் வகுத்தால் 5. ஆகவே 5 லைன் போதும் என்று சாதாரணக் கணக்கு சொல்லும்.

ஆனால் 5 லைன் போதாது!

ஏன்? மக்கள் முறை வைத்துக்கொண்டு பேசுவதில்லை. ஒரு நிமிடத்தில் பத்துப் பேர் வருவார்கள். அடுத்த நிமிடத்தில் ஒருவரும் வரமாட்டார். லைன் சும்மா கிடந்த நேரத்தைச் சேர்த்து வைத்து, கூட்டம் வரும்போது கொடுக்க முடியாது. போன நேரம் போனதுதான்.

எந்த நிமிடத்தில் யார் பேச வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும், அந்த ஒழுங்கின்மைக்குள்ளேயே ஓர் ஒழுங்கு இருப்பதை எர்லாங் கண்டார். தாயக்கட்டையில் அடுத்து என்ன விழும் என்று தெரியாது. ஆயிரம் தடவை உருட்டினால், எது எத்தனை தடவை விழும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். டெலிபோன் அழைப்புகளும் அப்படித்தான் என்பதை 1909-ம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர் நிரூபித்தார்.

1917-ம் ஆண்டு இன்னொரு கட்டுரை வெளிவந்தது. லைன் இல்லாமல் எத்தனை பேர் திரும்ப நேரிடும், காத்திருக்கச் சொன்னால் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்கும் சூத்திரங்கள் அதில் இருந்தன.

மேலே சொன்ன ஊரையே பார்ப்போம். 5 லைன் இருந்தால், 100 பேரில் 28 பேருக்கு லைன் கிடைக்காது. 10 லைன் இருந்தால், ஏறக்குறைய 2 பேருக்குத்தான் கிடைக்காது. காத்திருக்கும் முறையாக இருந்தால், 6 லைனில் 100-க்கு 59 பேர் காத்திருக்க வேண்டும். 10 லைன் இருந்தால், ஏறக்குறைய 4 பேர்தான் காத்திருப்பார்கள். இவை எர்லாங்கின் சூத்திரம் தரும் விடைகள்.

சேர்ந்தால் லாபம்

அந்தச் சூத்திரம் இன்னோர் உண்மையையும் காட்டுகிறது. அதே போன்ற இரண்டு ஊர்கள். தனித்தனியே 10 லைன் வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஊரிலும் 100 பேருக்கு 2 பேர் லைன் கிடைக்காமல் திரும்புவார்கள். அந்த 20 லைன்களையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு ஊருக்கும் பொதுவாக வைத்தால் என்ன ஆகும்? 1,000 பேருக்கு 2 பேர்தான் திரும்புவார்கள். புதிதாக ஒரு லைன்கூடப் போடவில்லை. ஓர் ஊரில் கூட்டம் அதிகமாக இருக்கும்போது, மற்ற ஊரில் சும்மா இருக்கும் லைன் உதவிக்கு வருகிறது. அவ்வளவுதான்.

எர்லாங்கின் கட்டுரைகள் வேறு மொழிகளிலும் வெளிவந்தன. இங்கிலாந்து தபால் இலாகா அவருடைய சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் புகழ் பெற்ற பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஒருவர், எர்லாங் எழுதியதை மூலத்திலேயே படிக்க விரும்பினார். அதற்காக டேனிஷ் மொழியையே கற்றுக்கொண்டார்!

கொடுத்த கை

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. கணிதம், வான சாஸ்திரம், பௌதிகம் ஆகியவை பற்றிய புத்தகங்களை வாங்கிக் குவித்தார். விடுமுறையில் வெளிநாடுகளுக்குப் போனால், நூல் நிலையங்களையும் ஓவியக் கூடங்களையும் பார்ப்பார்.

அவர் இரக்க குணம் படைத்தவர். கஷ்டப்படுகிறவர்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கே தேடி வருவார்கள். பிறர் கண்ணில் படாதபடி அவர்களுக்கு உதவி செய்து அனுப்புவார். எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்ட மனிதர், கொடுத்ததற்கு மட்டும் கணக்கு வைக்கவில்லை.

கம்பெனியில் ஏறக்குறைய இருபது ஆண்டு வேலை பார்த்தார். உடம்பு சரியில்லை என்று ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. 1929-ம் ஆண்டு ஜனவரியில் வயிற்றில் கோளாறு ஏற்பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். பலன் இல்லை. பிப்ரவரி 3-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எர்லாங் காலமானார். அப்போது அவருக்கு வயது 51.

ஊர்த் தராசில் எடையை கிலோவில் சொல்வதுபோல, டெலிபோன் போக்குவரத்தை அளக்க ஓர் அளவு வேண்டும். 1946-ம் ஆண்டு சர்வதேச டெலிபோன் ஆலோசனைக் குழு அந்த அளவுக்கு எர்லாங் என்று பெயர் சூட்டியது. ஒரு லைன் ஒரு மணி நேரம் இடைவிடாமல் வேலை செய்தால், அது 1 எர்லாங். நம் ஊர்க் கணக்கில் வந்த 300 நிமிடப் பேச்சு, 5 எர்லாங்.

இன்றும் அதே கணக்கு

கையால் இணைப்புக் கொடுத்த காலம் போய்விட்டது. இப்போது பேச்சு, படம், கடிதம் எல்லாமே சிறு சிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டு, ஒரே கேபிளில் ஓடுகின்றன. ஈதர்நெட் என்ற முறையில் இந்தப் பொட்டலங்களைப் பிரித்து அனுப்பும் கருவிக்கு ஸ்விட்ச் என்று பெயர். கேபிளில் நெரிசல் ஏற்பட்டால், பொட்டலங்கள் அந்த ஸ்விட்சுக்குள் வரிசையில் நிற்கும். நிற்க இடம் இல்லாவிட்டால், தூக்கி எறியப்படும்.

சினிமாப் படம் கம்ப்யூட்டரில் வந்து சேரக் கொஞ்சம் தாமதித்தால் பெரிய கெடுதல் இல்லை. பேச்சு தாமதித்தால், ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. ஆகவே ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 0 முதல் 7 வரை ஓர் எண்ணைக் குறிக்கிறார்கள். எந்த எண்ணுக்கு எந்த வரிசை, எந்த வரிசைக்கு முதலிடம், எதற்கு எவ்வளவு இடம் என்று என்ஜினீயர்கள் ஸ்விட்சில் முன்கூட்டியே அமைத்து வைக்கிறார்கள். பேச்சுக்கு உயர்ந்த இடம் கொடுப்பது வழக்கம்.

ஆனால் பேச்சுக்கும் ஓர் எல்லை வேண்டும். எல்லை இல்லாவிட்டால், முதல் வரிசை கேபிள் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்; மற்ற வரிசைகள் நகரவே நகராது. அந்த எல்லையை எப்படி முடிவு செய்வது? அங்கேதான் எர்லாங் மீண்டும் வருகிறார். சுருக்காமல் அனுப்பும் ஒரு பேச்சுக்கு, ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட் இடம் வேண்டும். 5 எர்லாங் பேச்சு என்றால் 450 கிலோபிட் போதும் என்று சாதாரணக் கணக்கு சொல்லும். எர்லாங்கின் கணக்கோ பத்துப் பேச்சுக்கு இடம் ஒதுக்கச் சொல்லும். அதாவது 900 கிலோபிட். பதினோராவது பேச்சு வந்தால், இடம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதையும் உள்ளே விட்டால், பேசிக்கொண்டிருக்கும் பத்துப் பேச்சும் கெட்டுப்போகும்.

சராசரியை நம்பி இடம் ஒதுக்கினால், கூட்டம் வரும் நேரத்தில் யாரோ ஒருவர் வெளியே நிற்பார். அவர் டாக்டரை அழைப்பவராகவும் இருக்கலாம். அப்படி நிற்பவர்களின் தொகை எவ்வளவு என்று சொல்லி, அதைக் குறைக்க வழியும் காட்டியவர் லோன்போர்க் கிராமத்து ஆசிரியரின் மகன்.