ஊர்ப்பள்ளி காத்த வணிகர் டான் கா கீ

பாடசாலை ஒன்று எழுவதற்குக் கடல் கடந்து சென்றோர் அனுப்பிய பணம் எத்துணை உதவிற்று என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் கடமை புரிய மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம் முன்னோர், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பிய வெள்ளிகளே நம் பாடசாலைகள் சிலவற்றிற்குச் சுவராகவும் கூரையாகவும் அமைந்தன. அவர்கள் அங்கு வாழ்ந்த அதே காலத்தில், அதே சிங்கப்பூரில், தம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பையே எண்ணி வாழ்ந்த சீனர் ஒருவர் இருந்தார். டான் கா கீ என்பது அவர் பெயர். மேல்வகுப்பு மாணவர்க்கு யான் வாய்மொழியாகச் சொல்லிவந்த அவர் சரிதத்தை இவ்விழா மலரில் எழுதி வைக்க விரும்புகின்றேன்.

சீனத்தின் தென்கீழ்க் கரையிலே புஜியன் மாகாணத்தில், சியாமென் தீவுக்கு எதிரே, ஜிமேய் என்னும் மீனவர் சிற்றூர் உண்டு. 1874ஆம் ஆண்டில் அவர் அங்குப் பிறந்தார். ஊரிலே பழைய முறைப்படி சிறிது கற்று, 1890ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தந்தையார் நடத்திய அரிசிக் கடைக்கு உதவியாளராய்ச் சென்றார். சில ஆண்டுகளின் பின் தந்தையார் வணிகம் கடன்பட்டு வீழ்ந்தது. தந்தை பட்ட கடனை மகன் தீர்த்தாக வேண்டுமென்று அந்நாட்டுச் சட்டம் விதிக்கவில்லை. அவரோ அன்னாசிப்பழத்தைத் தகரத்தில் அடைத்து விற்கும் தொழிலைத் தொடங்கி, முன்னேறியவுடன் அக்கடனையெல்லாம் தீர்த்தார். 1906ஆம் ஆண்டில் அன்னாசித் தோட்டத்து இடைவெளிகளில் இறப்பர் விதைகளை ஊன்றினார். செல்வம் பெருகிற்று. அவர் செல்வந்தரான வரலாறு இவ்வளவு போதும். அச்செல்வம் போன வழியே நமக்கு வேண்டியது.

ஜிமேயில் வாழ்ந்தோர் பெரும்பாலும் ஒரே குலத்தவர். ஆயினும் ஒற்றுமை இல்லை. குலம் பல கிளைகளாய்ப் பிரிந்து, கிளைக்கொரு திண்ணைப்பள்ளி வைத்து, ஒரு கிளையார் பிள்ளை மறு கிளையார் பள்ளிப் படியை மிதியாதவாறு நடந்தது. பெண்பிள்ளைகளுக்கோ பள்ளியே இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஊருக்குத் திரும்பிய அவர் ஒவ்வொரு கிளையாரையும் கண்டு பேசி, தனித்தனிப் பள்ளிகளை மூடுவித்து, 1913ஆம் ஆண்டில் யாவர்க்கும் பொதுவான ஆரம்ப பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். கட்டடத்துக்கு நிலம் கிடைப்பது அரிதாகவே, மீன் வளர்க்கும் குளமொன்றை விலைக்கு வாங்கி, மண்ணிட்டுத் தூர்த்து, அதன்மேற் கட்டினார். பணம் கொடுத்தவரைப் புகழ்வது உலக வழக்கு. பகைத்த கிளைகளின் பிள்ளைகளை ஒரே வாங்கில் இருத்திய காரியமே பணத்தினும் பெரிதென எனக்குத் தோன்றுகின்றது. நம்மூர்களை அறிந்தவர்க்கு அதன் அருமை விளங்கும்.

1917ஆம் ஆண்டிற் பெண்கள் பாடசாலை எழுந்தது. வீட்டு வேலைக்கு வேண்டிய பெண்ணைப் படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கினர். அவர் தம்பியாரின் மனைவியார் வீடுவீடாகச் சென்று தாய்மாரை இசைவித்தார். வரும் பெண்பிள்ளைக்கு மாதந்தோறும் சிறு உதவித்தொகையும் கொடுக்கப்பட்டது. அதன்பின் வேறொரு குறை தெரிந்தது. கட்டடம் உண்டு, பிள்ளைகள் உண்டு, பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லை. ஆகவே 1918ஆம் ஆண்டில் ஆசிரிய பயிற்சிக் கலாசாலை ஒன்றை நிறுவி, பயில்வோர்க்குப் படிப்பும் உணவும் உறைவிடமும் இலவசமாக்கினார். பயிற்சிக் கலாசாலையில் இரண்டாண்டு இருந்து வந்தவன் என்ற முறையில், இதைச் செய்தமைக்காகவே அவரை யான் வணங்குவேன். பின்னர் மீன்பிடி, கடற்பயணம், வணிகம், வேளாண்மை ஆகியவற்றுக்கும் பாடசாலைகள் அங்கே தோன்றின. சிங்கப்பூரிலும் 1919ஆம் ஆண்டில் சீன உயர்தர பாடசாலை ஒன்று அவர் முயற்சியால் திறக்கப்பட்டது.

அதே ஆண்டிற் சியாமெனில் சர்வகலாசாலை ஒன்று நிறுவப்போவதாக அறிவித்து, தாம் 40 இலட்சம் வெள்ளி தருவதாக வாக்களித்தார். அவர் அப்பொழுது ஈட்டியிருந்த செல்வம் முழுவதும் ஏறக்குறைய அவ்வளவே என்பர். 1921ஆம் ஆண்டு சித்திரை மாதம் 6ஆந் திகதி சர்வகலாசாலை தொடங்கிற்று. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற சிங்கப்பூர்ச் சீனராகிய லிம் பூன் கெங் அதன் தலைமையை ஏற்று 1937 வரை நடத்தினார். தாம் முன்சென்றால் மற்றைச் செல்வரும் பின்வருவர் என டான் கா கீ நம்பியிருந்தார். தம்மினும் செல்வம் மிக்கோர் சிலரை அணுகிக் கேட்டுப் பார்த்தார். பெருந்தொகை எவரும் கொடுத்திலர். இது அவர் வாழ்வில் நீங்காத மனக்குறையாயிற்று. ஒருவர் தோளிலேயே சர்வகலாசாலை ஒன்று தங்கியிருந்தமை அதற்கு நன்றன்று. பின் நிகழ்ந்தவை இதைக் காட்டும்.

1925ஆம் ஆண்டில் அவர் வணிகம் உச்சநிலை அடைந்தது. அடுத்த ஆண்டிலிருந்து இறப்பர் விலை இறங்கலாயிற்று. 1929ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. தொழிலில் நட்டம் வந்தபோதும் ஜிமேய்க்கும் சியாமெனுக்கும் போகும் பணம் நிற்கவில்லை. வங்கிகளிற் கடன் வாங்கியும் அனுப்பினார். 1931ஆம் ஆண்டில் கடன் கொடுத்த வங்கிகள் அவர் வணிகத்தை வரையறுக்கப்பட்ட கம்பனியாக மாற்றித் தம் மேற்பார்வையிற் கொண்டுவந்தன. பாடசாலைச் செலவைக் கைவிட்டால் வணிகம் பிழைக்கும் என்று பலர் அறிவுறுத்தினர். அவர் இசையவில்லை. தம் குடும்பத்துக்குரிய மாளிகைகளை விற்றும் சர்வகலாசாலையை நடத்தினார் எனச் சீனர் இன்றும் பேசுவர். 1934ஆம் ஆண்டிற் கம்பனி மூடப்பட்டது.

கணக்குத் தெரிந்தவர் இதனைப் பிழை என்பர். வணிகம் நிலைத்திருந்தால் பின்னும் பல ஆண்டு கொடுத்திருக்கலாமே என்பது அவர் வாதம். அது வலிமையற்ற வாதமன்று. ஆயினும் மாத முடிவிற் சம்பளம் வருமோ வாராதோ என்று காத்திருக்கும் ஆசிரியர்க்கும், அரைப் படிப்பில் ஊர் திரும்ப நேரும் மாணவர்க்கும் அக்கணக்குப் பயன்படாது. மூடிய கடையை மீண்டுந் திறக்கலாம். கலைந்து போன வகுப்பை அங்ஙனம் கூட்டுதல் அரிது. டான் கா கீ செய்ததே சரியென்பது என் துணிபு. லிம் பூன் கெங்கும் மலாயாவுக்கு வந்து நிதி திரட்டிப் பார்த்தார். ஈற்றில், 1937ஆம் ஆண்டிற் சர்வகலாசாலையை ஒரு விலையும் பெறாது அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். ஜிமேய்ப் பாடசாலைகளைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

அவ்வாண்டிலேயே யப்பானியர் படையெடுப்புப் பெருகிற்று. 1938ஆம் ஆண்டு முதல் தென்கிழக்காசியச் சீனரிடம் சீனத்துக்காக நிவாரண நிதி திரட்டிய சங்கத்துக்கு அவர் தலைவரானார். ஆதலால் 1942ஆம் ஆண்டிற் சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டபோது, அவர்கள் தேடிய முதன்மையானவர்களுள் அவரும் ஒருவர். வீழ்ச்சிக்குச் சற்று முன் கடல் கடந்து, பின் யாவாத் தீவை அடைந்தார். அப்பொழுது வயது 67, கையிற் பொருளில்லை. அங்கே அவரை ஒளித்துக் காத்தவர் யாவர்? ஜிமேய்ப் பாடசாலையிலும் சியாமென் சர்வகலாசாலையிலும் படித்து யாவாவிற் குடியேறியிருந்த பழைய மாணவர். பிடிபட்டால் உயிர் போகும் என்று அறிந்தே, வேற்றுப் பெயரில் அவரைத் தம்மவராகக் காட்டி, இடம் மாற்றி மாற்றி வைத்திருந்தனர். போர் முடியும் வரை மூன்றாண்டுக்கு மேல் இங்ஙனம் சென்றது. அக்காலத்தில் அவர் தம் நினைவுகளை நூலாக எழுதினார்.

1950ஆம் ஆண்டில் அவர் ஜிமேய்க்கு மீண்டார். போரிற் குண்டு வீழ்ந்து சிதைந்த பாடசாலைக் கட்டடங்களை ஒவ்வொன்றாக மீளக் கட்டுவித்தார். மருமகனார் லீ கொங் சியான், சிங்கப்பூரில் இறப்பர் வணிகத்திற் பெரும்பொருள் ஈட்டியவர், அவருக்குத் துணைநின்றார். 1961ஆம் ஆண்டு ஆவணி மாதம் 12ஆந் திகதி பீக்கிங்கில் டான் கா கீ காலமானார். கையிருந்த பணத்தைப் பாடசாலைகளுக்கு விட்டுச் சென்றார். பிள்ளைகளுக்குச் செல்வம் வைக்கவில்லை. உடல் ஜிமேய்க்குக் கொண்டுவரப்பட்டுக் கடலோரத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. ஊரிலே அவர் வாழ்ந்த வீட்டில், அவர் பயன்படுத்திய பொருள்களோடு, உடைந்த தேநீர்க் கிண்ணம் ஒன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதைக் கவிழ்த்து அதன்மேல் மெழுகுதிரி நிறுத்தி, இரவிலே அவர் வாசிப்பாராம்.