சதுரங்க வேந்தர் மீர் சுல்தான் கான்

இந்திய மண்ணில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபு மக்களிடம் ஷத்ரஞ்ச் என்னும் பெயரில் செழித்து, அவர்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது என்பது வரலாறு. பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மண்ணிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பிய வல்லுநர்களை அவர்தம் களத்திலேயே வென்று காட்டியவர் மீர் சுல்தான் கான். அவர்தம் வாழ்வை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் மிட்டா திவானா என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தந்தையாரிடம் இளமையிலேயே ஆட்டம் பயின்றார். அது அக்கால இந்திய முறை ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரு கட்டம் தாண்டாது. இன்று நாம் கோட்டை கட்டுதல் எனக் கூறும் நகர்த்தலும் இல்லை. அவருடைய திறமையை அறிந்த பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்தார். 1928இல் அகில இந்தியப் பட்டம் வென்ற சுல்தான் கான், 1929இல் ஆதரவாளருடன் லண்டன் சென்றார்.

ஆங்கிலம் அறியார், ஆட்டத் தொடக்கம் பற்றிய நூல்களையும் பயின்றவரல்லர். புதிய விதிகளோடும் பழகாத குளிரோடும் ஒருங்கே போராட வேண்டியிருந்தது. எனினும் அவ்வாண்டே ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவரையே சேர்ந்தது. ஹாம்பர்க், பிராக், ஃபோக்ஸ்டன் ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்தின் முதற்பலகையில் அமர்ந்தார்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவர் காபபிளாங்காவை எதிர்கொண்ட ஆட்டம் சிறப்பாக நினைக்கத்தக்கது. காபபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக விளங்கியவர். சுல்தான் கானின் அரசன் கோட்டை கட்டாமல் நடுவிலேயே நின்றது. காபபிளாங்கா தம் இரு யானைகளையும் ஒரே நெடுவரிசையில் நிறுத்தி, 21ஆம் நகர்த்தலில் ஒரு யானையை முதல் வரிசைவரை செலுத்தி அரசனைத் தாக்கினார். எதிரியின் யானை வெட்டும் இடத்தில் வந்து நின்றால் வெட்டவே எவர் கையும் நீளும். ஆனால் வெட்டினால், எதிரியின் மற்றொரு யானை அங்கு வந்து மீண்டும் தாக்கும். அரசன் விலகினால் பின்னால் நிற்கும் யானை பறிபோகும்.

சுல்தான் கான் வெட்டவில்லை. அரசனை ஒரு கட்டம் முன்னே நகர்த்தினார். இரண்டாம் யானை பாய்ந்து வந்து அரசனைத் தாக்கியது. அவர் கலங்காது ராணியைக் கொடுத்து இரு யானைகளையும் பெற்றார். அதன்பின் எதிரியின் ராணிக்கு உட்புக வழியில்லை. அவருடைய யானைகளோ ஒன்றுக்கொன்று துணையாயின. 65ஆம் நகர்த்தலில் வெற்றி அவருடையதாயிற்று. கண்முன் கிடைப்பதை உடனே பற்றாமல், அதன்பின் வரும் எதிரியின் மறுமொழியை எண்ணுவதே நல்ல நகர்த்தலைத் தேரும் வழி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

1933இன் இறுதியில் ஆதரவாளருடன் தாயகம் திரும்பினார். அத்துடன் அவருடைய ஐரோப்பிய ஆட்ட வாழ்வு முடிந்தது. அது ஐந்தாண்டுகளைக்கூட எட்டவில்லை. அதே இல்லத்தைச் சேர்ந்த ஃபாத்திமா என்னும் பெண்மணி அவ்வாண்டு பிரிட்டிஷ் மகளிர் பட்டம் வென்றதும் நினைவில் கொள்ளத்தக்கது.

1950இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. அவரிடம் தோற்ற ரூபின்ஸ்டைனும் டார்டகோவரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர்; அவர் இடம்பெறவில்லை. 1966 ஏப்ரல் 25ஆம் நாள் சர்கோதாவில் அவர் மறைந்தார். 2024 பிப்ரவரியில்தான், மறைந்து ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின், கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்கு வழங்கப்பெற்றது.

பட்டத்தை அவர் காணவில்லை. ஆயினும் அவர் ஆடிய ஆட்டங்கள் ஏட்டில் இருந்தன. அவையே அவருக்காகச் சாட்சி கூறின. இறைவன் அளித்த அறிவுக்கு மொழியும் செல்வமும் தடையல்ல என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது. திறமையுடையோரை உரிய காலத்தில் போற்றத் தவறுதல் சமுதாயத்தின் பிழை என்பதையும் அதுவே உணர்த்துகிறது. முன்னதை மாணவர்களும், பின்னதை ஆசிரியர்களாகிய நாமும் பெரியோர்களும் நெஞ்சில் இருத்துவோமாக.